கொலுப்படியின் சிறுபொருள்கள்: காஞ்சிபுரச் சூழலில் செப்பு, கண்ணாடிச் சிற்றுரு, பொம்மை ஆகியவற்றை இனங்கண்டு காலங்கணிக்கும் முறை

ஆய்வுச்சுருக்கம்

நவராத்திரிக் கொலுவில் இடம்பெறும் பழைய விளையாட்டுக் கலங்களும் கண்ணாடிச் சிற்றுருக்களும் பொம்மைகளும் தமிழர் வீட்டுப் பண்பாட்டின் பொருள்சார் சான்றுகளாகும். இவை அருங்காட்சியகப் பதிவேடுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. வீடுகள் பிரியும்போது எடைக்கும் சில்லறை விலைக்கும் விற்கப்பட்டுச் சிதறுகின்றன. காஞ்சிபுரத்தின் பொம்மைத் தொழிலையும் கொலு மரபையும் களமாகக் கொண்டு, இச்சிறுபொருள்களை இனங்காணவும் அவற்றின் காலத்தை வரையறுக்கவும் உதவும் அடையாளங்களை இக்கட்டுரை விளக்குகிறது. தனிப்பொருள் பெரும்பாலும் காலத்தின் முன்னெல்லையை மட்டுமே தரும். தொகுதியாகக் காக்கப்படும் பொருளே முழுமையான சான்றாகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், கொலு, செப்பு, கண்ணாடிச் சிற்றுரு, கோலிக்குண்டு, காகிதக்கூழ்ப் பொம்மை, காலக்கணிப்பு.

முன்னுரை

காஞ்சிபுரம் என்றதும் கோயிலும் பட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்நகரின் மூன்றாவது கைத்தொழிலாகப் பொம்மை செய்தலைக் குறிப்பிடலாம். வரதராசப் பெருமாள் கோயிலை ஒட்டிய சின்ன காஞ்சிபுரப் பகுதியில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு வழங்குகிறது. அங்கு மண்ணாலும் காகிதக்கூழாலும் செய்யப்படும் பொம்மைகள் நவராத்திரிக்கு முன் பல ஊர்களுக்கும் செல்கின்றன. பெருமாளின் கருட சேவையைக் குடை, தீவட்டி, வேதபாராயணக் கோஷ்டி ஆகியவற்றோடு சிற்றுருவில் காட்டும் தொகுதிகள் இவ்வூருக்கே உரிய பொருண்மை உடையவை.

குழந்தை விளையாட்டுப் பொருளுக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு இலக்கியத்திலும் பதிவாகியுள்ளது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில், ஏறி ஊரப்படாமல் உருட்டி மட்டும் விளையாடும் சிறுதேர் குறிக்கப்படுகிறது. பிள்ளைத்தமிழ் சிறுதேர், சிறுபறை, சிற்றில் ஆகியவற்றைப் பருவங்களாகவே அமைத்துக்கொண்டது. இலக்கியத்தில் இத்துணை இடம்பெற்ற சிறுபொருள்கள் ஆய்வுப் பொருளாக முறையாகத் தொகுக்கப்படாமல் இருப்பது ஒரு குறையாகும்.

செப்பு: சொல்லும் பொருளும்

குழந்தைகள் சமைத்து விளையாடும் சிறு கலங்களைச் செப்பு என்றும், பேச்சுவழக்கில் சொப்பு, சொப்புச் சாமான் என்றும் வழங்குவர். செப்பு என்னும் சொல் பண்டை இலக்கியத்தில் மூடியுடன் கூடிய சிறு பேழையைக் குறித்தது. திருக்குறளின் உட்பகை அதிகாரம், செப்பும் அதன் மூடியும் புறத்தே பொருந்தியிருப்பதை உவமையாகக் கையாள்கிறது. பேழையைக் குறித்த சொல் சிறுகலம் அனைத்தையும் குறிக்கலான பொருள்விரிவை இங்குக் காணலாம்.

தமிழகத்தில் கிடைக்கும் செப்புகள் மூலப்பொருள் நோக்கில் ஐவகைப்படும். அவை மண், மரம், மாக்கல், பித்தளை முதலிய உலோகம், கண்ணாடி அல்லது பீங்கான் என்பன. அரக்கு வண்ணம் ஏற்றிக் கடைசல் பிடித்த மரச் செப்புகளுக்கு அம்பாசமுத்திரம் பெயர் பெற்றது. ஆந்திரத்தின் ஏட்டிக்கொப்பாக்கா, கருநாடகத்தின் சென்னப்பட்டணம் ஆகிய ஊர்களின் கடைசல் பொருள்களும் தமிழ் வீடுகளில் கலந்து காணப்படுவதால், ஒரு மரச் செப்பு கிடைத்த ஊரையே அது செய்யப்பட்ட ஊராகக் கொள்வது பிழையாகும்.

விளையாட்டுப் பொருளா, புழங்குபொருளா?

இனங்காணலின் முதற்படி, கையிலுள்ள சிறுபொருள் உண்மையிலேயே விளையாட்டுப் பொருள்தானா என்று தெளிவதாகும். சிறிதாக இருப்பதனால் மட்டும் ஒன்று விளையாட்டுப் பொருளாகிவிடாது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, குங்குமச் சிமிழ், சுண்ணாம்பு டப்பி, பூசைக்குரிய உத்தரணி, சிறு எண்ணெய்க் கிண்ணம் ஆகியவை செப்பு என்றே பலகாலும் விற்கப்படுகின்றன. கண்ணாடிப் பொருள்களில் இம்மயக்கம் மிகுதி. அத்தர்க் குப்பி, ஓமியோபதி மருந்துக் குப்பி, மருந்து அளக்கும் சிறு குவளை, கண் கழுவும் கிண்ணம், மேசை உப்புக் கிண்ணம் ஆகியவை பொம்மைக் குவளைகளாகக் கருதப்படுவதுண்டு.

இம்மயக்கத்தைத் தவிர்க்க மூன்று வினாக்கள் உதவும். முதலாவது, பொருளின் உறுப்புகள் வேலை செய்கின்றனவா என்பது. விளையாட்டுக் கெண்டியின் மூக்கில் பெரும்பாலும் துளை இராது. பாலாடையின் மூக்கு நீர் சொட்டாமல் ஒழுகுமாறு கவனமாக வார்க்கப்பட்டிருக்கும். இரண்டாவது, தேய்மானம் எங்கே உள்ளது என்பது. நாளும் புழங்கிய கலத்தில் விளிம்பும் அடியும் பிடிக்கும் இடமும் தேய்ந்திருக்கும். மூன்றாவது, அளவு விகிதம். ஒரே தொகுதியைச் சேர்ந்த செப்புகளில் குடம், அடுப்பு, உரல், அம்மி ஆகியவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இசைந்த அளவில் இருக்கும். அளவுக்குறி பொறித்த கண்ணாடிக் குவளை மருந்துக் குவளை. கண்குழியில் பொருந்துமாறு விளிம்பு வளைந்தது கண் கழுவும் கிண்ணம். இவற்றுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கண்ணாடிச் சிற்றுருக்கள்

தமிழகக் கடற்கரை பண்டைக் காலத்திலேயே கண்ணாடி மணி செய்த நிலப்பகுதி என்பதற்கு அரிக்கமேடு சான்றாகும். எனினும் வீடுகளில் இன்று கிடைக்கும் கண்ணாடிச் சிற்றுருக்களைச் சங்ககாலக் கண்ணாடி மரபோடு நேரடியாக இணைக்க இயலாது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ஐரோப்பியக் கண்ணாடிப் பொருள்கள் இறக்குமதியாயின. புனேயை அடுத்த தளேகாவில் 1908இல் தொடங்கிய பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை, சுதேசி உணர்வில் எழுந்த இந்திய முயற்சிகளுள் ஒன்று. பிரோசாபாத் வளையலுக்கும் பிற கண்ணாடிப் பொருள்களுக்கும் பெருமையமாக வளர்ந்தது. ஆகவே ஒரு சிறு கண்ணாடிக் குவளையின் பிறப்பிடம் பொகீமியாவாகவோ செருமனியாகவோ சப்பானாகவோ பிரோசாபாத்தாகவோ இருக்கக்கூடும்.

செய்முறையை அறிவது இனங்காணலுக்கு அடிப்படை. ஊதிச் செய்த கலத்தில் சுவரின் தடிப்பு ஒரே சீராக இராது. வேலை முடியும் வரை கலத்தைத் தாங்கிய இரும்புப் பிடிகோலை ஒடித்தெடுத்த வடு அடியில் கரடாகவோ, சாணை பிடித்த குழியாகவோ எஞ்சியிருக்கும். அச்சுக்குள் ஊதிய கலத்தில் புறத்தே மேடான இடம் அகத்தே பள்ளமாக இருக்கும்; விரலை உள்ளே விட்டுத் தடவினால் வடிவத்தை உணரலாம். அழுத்தி வார்த்த கலத்தில் புறத்தே பூவேலையும் அச்சிணைப்புக் கோடுகளும் இருந்தாலும் அகம் வழவழப்பாக இருக்கும். எந்திரத்தால் அழுத்தி வார்க்கும் முறை 1820களில் அமெரிக்காவில் உருவானது. அம்முறையில் செய்த சிற்றுரு எதுவும் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. சுடர்முனையில் கண்ணாடிக் கோலை இளக்கிச் செய்யும் மான், அன்னம் போன்ற உருவங்களில் அச்சிணைப்புக் கோடு இராது. உறுப்புகள் ஒட்டிய இடத்தில் உருகிய திரட்சி தெரியும்.

நிறமும் ஒளிர்வும் துணைச்சான்றுகள். யுரேனியம் கலந்த மஞ்சட்பச்சைக் கண்ணாடி 1830கள் முதல் பொகீமியாவில் பெருவழக்காகச் செய்யப்பட்டது. புறஊதா விளக்கின் கீழ் அது அழுத்தமான பச்சையாக ஒளிரும். நிறநீக்கியாக மாங்கனீசு சேர்த்த கண்ணாடியும் மங்கிய பச்சையாக ஒளிர்வதால், ஒளிர்வதெல்லாம் யுரேனியம் எனல் தவறு. மாங்கனீசுக் கண்ணாடி நெடுங்காலம் வெயில் பட்டால் இளஞ்செவ்வூதா நிறம் கொள்ளும். இந்நிறத்தைச் செயற்கைக் கதிர்வீச்சால் விரைவில் உண்டாக்கி விற்பதும் உலகச் சந்தையில் நிகழ்வதால், நிறத்தை மட்டும் நம்பி விலை கொடுத்தல் கூடாது. ஈயம் கலந்த கண்ணாடி கனமாக இருக்கும்; மெல்லத் தட்டினால் ஒலி நீடிக்கும்.

அடியில் உள்ள தேய்மானம் நம்பத்தக்க அடையாளங்களுள் ஒன்று. பல ஆண்டுகள் தரையிலும் படியிலும் வைத்தெடுத்த கலத்தில் கீறல்கள் பல திசைகளில், ஆழம் வேறுபட்டு, தரையைத் தொடும் வட்டத்தில் மட்டும் காணப்படும். உப்புத்தாள் கொண்டு தேய்த்த போலியில் அவை ஒரே திசையில் செல்லும். தரையைத் தொடாத குழிவிலும் காணப்படும்.

கோலிக்குண்டு தரும் சான்று

கண்ணாடி விளையாட்டுப் பொருள்களுள் தமிழ்ச் சிறுவர்க்கு மிக நெருக்கமானது கோலிக்குண்டு. செருமனியின் துரிங்கியப் பகுதியைச் சேர்ந்த லௌசா என்னும் ஊரில், 1840களில் கண்ணாடிக் கோலை உருண்டையாக வெட்டும் கத்தரி உருவாக்கப்பட்டது. அம்முறையில் செய்த குண்டின் இரு முனைகளிலும் வெட்டுத்தடம் இருக்கும். உள்ளிருக்கும் வண்ண இழைகள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு முறுக்கிச் செல்லும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்திரத்தால் உருட்டிய குண்டுகள் வந்தன. அவற்றில் முனைத்தடம் இல்லை.

இவ்விரண்டினின்றும் வேறானது சோடாப் புட்டிக் குண்டு. ஐரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டியின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு அடைப்பாக அமைந்தது. தமிழில் கோலிசோடா என்ற பெயரே அதனால் எழுந்தது. உடைந்த புட்டியிலிருந்து எடுத்த குண்டு ஒற்றை நிறத்தில், பெரும்பாலும் பசுமை சாய்ந்து, உள்வேலைப்பாடு இன்றி இருக்கும். விளையாட்டுக்கென்று செய்யப்படாத ஒரு பொருள் விளையாட்டுப் பொருளாக மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தொகுப்பாளர் இதனை மதிப்பற்றது என ஒதுக்குவதுண்டு. சமூக வரலாறு எழுதுவோர்க்கு முறுக்கிழைக் குண்டைவிட இதுவே கூடுதல் செய்தி தரக்கூடும்.

மண் பொம்மையும் காகிதக்கூழ்ப் பொம்மையும்

கண்ணாடிச் சிற்றுருவோடு ஒரே படியில் நிற்கும் பொம்மைகளின் காலம் தெரிந்தால், அண்டைப் பொருளின் காலத்தையும் நெருங்கலாம். சுட்ட மண் பொம்மையின் உடைந்த வாயில் செம்மண் நிறம் தெரியும்; பாரிஸ் சாந்துப் பொம்மையில் வெண்மை தெரியும்; நகத்தால் கீறினால் பொடி உதிரும். காகிதக்கூழ்ப் பொம்மை கையில் எடுத்ததும் எடைக்குறைவால் வேறுபட்டு நிற்கும். காகிதக்கூழோடு சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்துப் பிசைந்து, ஈரச்சு கொண்டு முன்புறம் பின்புறம் தனித்தனியே எடுத்து ஒட்டி, காயவைத்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுவர். விலாப்பகுதியில் மேலிருந்து கீழாக ஓடும் இணைப்புக்கோடு இச்செய்முறையின் அடையாளம்.

வண்ணமும் காலங்காட்டும். டைட்டானிய வெள்ளை 1920ஐ ஒட்டியே வணிக வழக்குக்கு வந்தது. காகிதத்துக்குப் பளிச்சென்ற வெண்மை தரும் ஒளிர்பொருள்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவின. அவை கலந்த காகிதம் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். ஆனால் மேற்பூச்சு மட்டும் ஒளிர்ந்தால் அது பொம்மையின் காலத்தைக் காட்டாது. கொலுவுக்குமுன் பழைய பொம்மைக்குப் புது வண்ணம் பூசும் வழக்கம் பரவலானது. ஆதலால் சோதனையை உடைந்த இடத்தின் உட்பகுதியில் செய்தல் வேண்டும்.

பொம்மை காட்டும் பொருளும் முன்னெல்லை தரும். காந்தியடிகள் 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறினார். அரையாடைக் காந்தி பொம்மை அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. அத்தி வரதர் 1979இலும் 2019இலும் குளத்திலிருந்து எழுந்தருளினார். 2019இல் 48 நாள் தரிசனம் நிகழ்ந்தது. அத்தி வரதர் பொம்மையைக் காண்போர் அதனை எளிதில் 2019க்குப் பிந்தியது என முடிவு செய்வர். 1979ஆம் ஆண்டு நிகழ்வும் உண்டு என்பதால், செய்பொருளையும் வண்ணத்தையும் ஒப்பிட்டபின்பே அம்முடிவுக்கு வருதல் தகும்.

மரப்பாச்சியில் ஓர் எச்சரிக்கை தேவை. மரப்பாச்சி இணைக்குப் பட்டுத்துண்டும் சரிகைத்துண்டும் உடுத்துவது மரபு. நெசவு நகரில் அத்துண்டுகள் தாமே ஆய்வுக்குரியவை. வெள்ளி கலந்த பழைய சரிகை காலப்போக்கில் கறுக்கும். நெகிழிச் சரிகை கறுப்பதில்லை. ஆனால் ஆடை ஆண்டுதோறும் மாற்றத்தக்கது. சரிகை ஆடையின் காலத்தைக் காட்டும். மரத்தின் காலத்தைக் காட்டாது.

எழுத்துச் சான்றுகள்

அடியில் ஒட்டிய சீட்டு, அச்சிட்ட முத்திரை, கூழில் கரையாது நின்ற நாளிதழ்த் துணுக்கு ஆகியவை மிக உறுதியான சான்றுகள். ‘செக்கோசுலோவாக்கியா’ என்னும் பெயர் 1918 முதல் 1992 வரை நிலவிய நாட்டைக் குறிக்கும். ‘மேற்கு செருமனி’ 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட சப்பானில் செய்தது’ என்னும் பொருள்பட உள்ள ஆங்கில முத்திரை இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1952க்குள் அமைந்தது. செய்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்னும் அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1890இல் இயற்றப்பட்டது. எனினும் முத்திரை இல்லாமையை வைத்து ஒரு பொருளை அதற்கு முற்பட்டது எனக் கூற முடியாது. ஒட்டிய சீட்டு உரிந்திருக்கலாம்.

உள்நாட்டுச் சான்றுகள் இன்னும் நுட்பமானவை. அணாவில் குறித்த விலை பெரும்பாலும் பழைய நாணய முறையைச் சார்ந்தது. ‘ந.பை.’ என்னும் குறியீடு 1957 ஏப்ரலில் தொடங்கிய நயாபைசாவைச் சுட்டும். 1964இல் ‘நயா’ நீங்கியது. கடை முகவரியில் ஆறிலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘சென்னை மாநிலம்’ என்பது 1969 சனவரியில் ‘தமிழ்நாடு’ ஆயிற்று. ‘செங்கல்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம்’ என்னும் முகவரி, காஞ்சிபுரம் 1997இல் தனி மாவட்டமாவதற்கு முந்திய நிர்வாக அமைப்பைக் குறிக்கும்.

எழுத்து வடிவமும் துணைநிற்கும். தமிழ்நாட்டரசு 1978இல் பதின்மூன்று எழுத்துகளின் சீர்திருத்த வடிவத்தை ஏற்றது. கூழில் சிக்கிய துணுக்கில் ‘லை’, ‘னை’ ஆகியவை புதிய வடிவில் இருப்பின் பொம்மை அவ்வாண்டுக்குப் பிந்தியதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. பெரியாரின் இதழ்கள் 1935 முதலே சீர்திருத்த வடிவங்களைக் கையாண்டமை இதற்குப் புறனடை. பழைய வடிவம் இருத்தல் வலுவற்ற சான்றாகும். பழைய தாளைப் பிற்காலத்தில் கூழாக்குவது இயல்பே.

கொலு: ஓர் அடுக்காய்வுக் களம்

மேற்கண்ட அடையாளங்களுள் பெரும்பாலானவை ‘இதற்கு முற்பட்டதன்று’ என்ற முன்னெல்லையையே தருகின்றன. ‘இதற்குப் பிற்பட்டதன்று’ என்னும் பின்னெல்லையைத் தருவது தொகுதியும் குடும்பத்தார் வாய்மொழியும் ஆகும். ஆண்டுதோறும் குறைந்தது ஒரு புதுப் பொம்மையாவது கொலுவில் சேர்க்க வேண்டும் என்னும் வழக்கத்தால், ஒரு வீட்டின் கொலு அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குப் போல ஆண்டாண்டாக வளர்கிறது. எந்தப் பொம்மை எவர் திருமணத்தின்போது வந்தது, எது பிறந்த வீட்டுச் சீர், எது திருவிழாவில் வாங்கியது என்பன அவ்வீட்டு மூத்த பெண்டிரின் நினைவில் இருக்கும். பொம்மைகளைச் சுற்றிவைத்த நாளிதழ்கள் கடைசியாகக் கட்டிவைத்த காலத்தைக் காட்டும். பெட்டியைத் திறந்ததும் முதலில் குப்பைக்குப் போவது அத்தாள்களே. அவை நாள் குறித்த ஆவணங்கள் என்பதால் படம் எடுத்தபின்பே அகற்றத் தக்கவை.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஒரு தகரப்பெட்டியில் அழுத்தி வார்த்த கண்ணாடிக் குவளைகள் நான்கும், அரையாடைக் காந்தி பொம்மையும், ‘ந.பை.’ விலைச்சீட்டு ஒட்டிய மரச் செப்புப் பெட்டியும், 1966ஆம் ஆண்டு நாளிதழ்த் தாளால் சுற்றப்பட்டுள்ளன எனக் கொள்வோம். குவளை மட்டும் கிடைத்திருந்தால் 1820களுக்குப் பின் என்பதற்கு மேல் ஒன்றும் கூற இயலாது. பெட்டி அதன்பின் திறக்கப்படவில்லை என்று குடும்பத்தார் உறுதிகூறினால், குவளைகள் 1966க்குள் அவ்வீட்டிற்கு வந்துவிட்டன என்பது தெளிவாகும். அதே குவளைகள் தனியே விற்கப்பட்டிருந்தால் இம்முடிவுக்கு வழியே இல்லை.

பதிவு செய்வோர் ஒவ்வொரு பொருளுக்கும் எண், உயரம், எடை, மூலப்பொருள், அடிப்பகுதிப் படம், கொலுப்படியில் அதன் இடம், வந்த வழி பற்றிய வாய்மொழி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். வாய்மொழியையும் ஆய்வாளரின் ஊகத்தையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுவது இன்றியமையாதது. உரிமையாளர் விரும்பாவிடில் பெயரும் முகவரியும் வெளியிடப்படலாகாது.

போலி, பாதுகாப்பு, சட்டம்

பித்தளைச் செப்புகளில் அமிலம் தடவிப் பழமை ஏற்றுவது எளிது. செயற்கைக் களிம்பு எங்கும் ஒரே சீராகப் படிந்து பொடியாக உதிரும். இயல்பான பழமையில் கைபடும் மேடுகள் பளபளத்தும் இடுக்குகள் கறுத்தும் இருக்கும். விற்குமுன் புளியிட்டு விளக்கிப் பளபளப்பாக்குவதும் சான்றழிப்பே ஆகும்.

கண்ணாடியைத் தூசு தட்டி மெல்லிய ஈரத்துணியால் துடைத்தல் போதும். மேற்பரப்பில் பிசுபிசுப்போ நுண்வெடிப்பு வலையோ தோன்றினால் அக்கண்ணாடி ஈரத்தால் சிதைகிறது எனக் கொண்டு, ஈரப்பதம் மாறாத இடத்தில் வைத்தல் வேண்டும். காகிதக்கூழ்ப் பொம்மையை நீரால் துடைத்தலாகாது. பழைய வண்ணங்களில் ஈயச் சேர்மமோ ஆர்சனிக் கலந்த அரிதாரமோ இருக்கக்கூடுமாதலால், அப்பொருள்களைக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்கக் கூடாது.

தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. தனியார் அவற்றை நாட்டிற்கு வெளியே அனுப்ப இயலாது. நூறாண்டு என்னும் எல்லை ஆண்டுதோறும் நகர்வதால், 1920களில் வந்த பொருள்கள் இப்பொழுதுதான் ஒவ்வொன்றாக அச்சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. தந்தத்தாலான சிற்றுருக்களின் வணிகத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. காலக்கணிப்பில் நேரும் பிழை விலைப்பிழையோடு நில்லாது, சட்டச்சிக்கலாகவும் முடியக்கூடும்.

முடிவுரை

கொலுப்படியின் சிறுபொருளை இனங்காண்பதில் செய்முறைத் தடம், மூலப்பொருள், தேய்மானம், எழுத்து, காட்டும் பொருள் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் கொண்டு காலம் கூறுதல் வணிகர்க்கு உதவலாம், ஆய்வுக்கு உதவாது. காஞ்சிபுரத்தில் பொம்மை செய்வோரும், கொலு வைக்கும் குடும்பத்தாரும், பட்டு நெய்வோரும் ஒரே நகரில் வாழ்வதால், செய்தவர் சான்றையும் வைத்திருந்தவர் சான்றையும் ஒருங்கே திரட்டும் வாய்ப்பு அங்கு உள்ளது. பழைய அச்சுகளைப் பொம்மைக்காரர் வீடுகளில் பதிவுசெய்து, வீட்டுக் கொலுப் பொம்மைகளோடு ஒப்பிடுவது உடனடியாகச் செய்யத்தக்க ஆய்வாகும். கல்லூரித் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் இணைந்து ஒரு நவராத்திரிக் காலத்தில் சில வீடுகளின் கொலுவையேனும் முழுமையாகப் பதிவு செய்யலாம். பெரும்பொருள் செலவின்றி இயலும் இப்பணியைத் தள்ளிப்போடுந்தோறும் நினைவில் வைத்திருப்போர் குறைகின்றனர், பெட்டிகள் பிரிகின்றன.